முதல் கரண்டிப் பழக்கஞ்சி

மஸ்கெலியா,
14.03.2025, வெள்ளி.

அன்புத் தங்கை ஜெயந்தினிக்கு,

பிள்ளைக்காம்பரா டோரீன் அக்கா எழுதிக்கொள்வது. நீ கும்பிடும் மாரியம்மனும் நான் கும்பிடும் மாதாவும் அந்தத் தூர தேசத்தில் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு பேரையும் சேர்த்தே கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இங்கே உன் வீட்டுக்காரர், உன் மகன், நான், என் வீட்டுக்காரர் றொனால்ட் எல்லோரும் சுகம்.

குவைத்திலிருந்து ஷிராணி லீவில் வந்த மறுநாளே உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள். வருகிற ஞாயிறு அவள் குவைத்துக்குத் திரும்புகிறாள். இதையும் அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன். போனில் பேச முடிந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நீ பேசுகிற அந்த ஐந்து நிமிஷமும், பக்கத்தில் நிற்கும் கேரளாச் சமையல்காரருக்குத் தமிழ் புரியும் என்று பயந்து, பெற்ற பிள்ளையை ஆட்டுக்குட்டி என்று விசாரிக்கிறாய். ஆட்டுக்குட்டி தீனி தின்கிறதா, ஆட்டுக்குட்டிக்குச் சளி விட்டதா என்று நீ கேட்பதையும், உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்பதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பிள்ளை இல்லாதவள் என்று ஏஜென்சிக்காரன் எழுதிய பேப்பரில் போனவள் வேறு எப்படிப் பேசுவாய்.

நீ கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. உன் மேடம் குடும்பத்தோடு கட்டாருக்குக் குடிபோகிறார்கள். நீயும் கூடப் போவதென்றால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியில் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "பிள்ளை நல்லா இருக்கானா இல்லையான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. நல்லா இருக்கான்னா கையெழுத்துப் போட்டுர்றேன். ஏங்கிப் போயிருந்தான்னா வந்துர்றேன். அவரு என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லுவாரு, நீங்க சொல்ல மாட்டீங்க" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று வாரமாகிவிட்டது.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி தம்பி இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். லொறியிலிருந்து விழுந்த கால் இனி கூடாது என்று சொன்ன வாயெல்லாம் மூடிக்கொண்டது. கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கிறார், ஆனால் மேல்லயத்துப் படி முழுக்க ஏறுகிறார். துரை அவரைத் தேயிலை ஸ்டோரில் காவலுக்குப் போட்டிருக்கிறார். இராக் காவல் என்பதால் பிள்ளை எங்கள் வீட்டில்தான் படுக்கிறான். காலையில் நான் வேலைக்கு வரும்போது என் இடுப்பிலேயே பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிடுகிறான். உன் அம்மா தைப்பொங்கலுக்கு இறம்பொடையிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கொழுந்து நன்றாக இருக்கிறது, அட்டையும் நன்றாக இருக்கிறது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். போன ஆகஸ்டில் எப்படியோ ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நீ போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. உன் மகன் திலக்ஷனுக்கு ஆறு மாதம் பிறந்திருந்தது. அந்த வயசில் பழக்கஞ்சி தொடங்குவது இங்கேயும் அங்கேயும் முறைதான். உன் மேடத்தின் மகளுக்கும் அதே வயசு, அவளுக்கு நீதான் காய்ச்சிக் கொடுக்கிறாய் என்று எழுதியிருந்தாய். ஆப்பிளைத் தோல் சீவி, நடுவிலுள்ள விதையை எடுத்து, ஆவியில் வேகவைத்து, கம்பி வடியில் தேய்த்து, ஓட்ஸ் கஞ்சியில் கலக்க வேண்டுமாம். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து மசித்துச் சேர்க்க வேண்டுமாம். எனக்கு வந்தது பார் கோபம். பதினான்கு வருஷமாக இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் கஞ்சி காய்ச்சுகிறவள் நான். பிள்ளைக்காம்பரா வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டி, நுவரெலியாவில் பத்து நாள் பயிற்சி கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். நேற்றுப் போனவள் எனக்குப் பாடம் நடத்துகிறாளா என்று நினைத்தேன். அப்புறம் கடைசி வரியைப் படித்தேன். அந்தக் குழந்தை ஆவென்று வாயைத் திறக்கும்போதெல்லாம் உனக்குப் பால் ஊறுகிறது, யாருக்கும் தெரியாமல் துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நீ எழுதியபடியே செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆப்பிளுக்கு எங்கே போவது, பங்களாத் தோட்டத்தில் பேரிக்காய் காய்க்கிறதே, தோட்டக்காரர் செல்லசாமியிடம் கேட்டு மூன்று வாங்கி வந்தேன். கல் மாதிரி இருந்தது. அரை மணி நேரம் வெந்த பிறகுதான் கரண்டி இறங்கியது. சிவப்பரிசியை வறுத்து இடித்த மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறி, கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று விழாமல் ஒட்டி நிற்கிற பதத்தில் இறக்கினேன். சூடு தணிந்த பிறகு பழத்தைத் தேய்த்துப் போட்டேன். சீனி இல்லை, உப்பு இல்லை. வாயில் வைத்துப் பார்த்தேன், எனக்கே பிடித்திருந்தது.

பிள்ளைக்காம்பராவில் என் சட்டம் உனக்குத் தெரியும். கஞ்சி காய்ச்சுவது நான், முதல் கரண்டி கொடுப்பது தாய். பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருகிற நேரத்தில், கையைக் கழுவிவிட்டு அவளே கொடுக்க வேண்டும். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா நேரமாகிவிட்டது என்று கத்தினாலும் நான் விட மாட்டேன். இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் நான் முதல் கரண்டி கொடுத்ததில்லை. பிள்ளை பெறாதவள் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் அப்படி வைத்துக்கொண்டேன்.

அதனால் உன் வீட்டுக்காரரை வரச்சொல்லி அவர் கையால் கொடுக்கவைத்தேன். துப்பிவிட்டான். மறுநாளும் துப்பினான். வாழைப்பழம் மசித்துப் போட்டேன், பப்பாசிப்பழம் போட்டேன், எதற்கும் வாயைத் திறக்கவில்லை. பால்மாவை மட்டும் குடித்தான். ஒன்பது நாள் இப்படியே போயிற்று. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் கார்ட்டில் ஏற வேண்டிய கோடு இறங்கியிருந்தது. மிட்வைப் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்துவிட்டேன். ஆனால் அவன் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, ஜெயந்தினி. அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரசவ லீவு முடிந்து நீ வேலைக்கு வந்த அந்த இரண்டு மாதமும் பத்து மணிக்கு வந்து பால் கொடுத்தாயே, அந்த நேரம் அவனுக்கு மறக்கவில்லை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக உள்ளே வருவார்கள். இவன் ஒவ்வொருத்திக்கும் இரண்டு கையையும் தூக்குவான். அவளவள் அவளவள் பிள்ளையிடம் போய்விடுவாள். இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

பத்தாம் நாள் நான் ஒன்று செய்தேன். இடுப்பில் நீ கட்டுகிற படங்குச் சாக்கு உங்கள் லயத்துக் காம்பராக் கதவுக்குப் பின்னால் நீ மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது, துவைக்கவில்லை என்று தம்பி சொல்லியிருந்தார். கொண்டுவரச் சொன்னேன். பின்பக்கம் போய் அதைச் சேலைக்கு மேல் கட்டினேன். தலையில் துண்டைப் போட்டேன். வேலியோரத்தில் நான்கு கொழுந்தைக் கிள்ளி இரண்டு கையிலும் கசக்கித் தேய்த்துக்கொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வருகிற பெண்களோடு பெண்ணாக வரிசையில் நின்று வாசல் வழியாக உள்ளே வந்தேன். என் உதவிக்கு இருக்கும் அம்மாக்கண்ணு சும்மா இருப்பாளா, "டோரீனம்மா, இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் அவன் முன்னால் உட்கார்ந்தேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. படங்கைப் பார்த்தான். ஒரு கையால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தான். பேரிக்காய்க் கஞ்சியில் நான்கு கரண்டி. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை, அம்மாக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினான்கு வருஷம் காத்த என் சட்டத்தை உன் பிள்ளைக்காக உடைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அதிலிருந்து தினமும் பத்து மணிக்கு நான் வெளியே போய் உள்ளே வந்தேன். கார்ட்டில் கோடு ஏறியது. பூசணி, கரட், பருப்பு என்று ஒவ்வொன்றாகப் பழகினான். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கிளினிக்கிலிருந்து ஆட்கள் வந்துவிட்டதால் படங்கு கட்ட மறந்துபோய் வெறும் சேலையோடு உட்கார்ந்து கரண்டியை நீட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான். முழுக் கோப்பையும் தின்றான். இனி அவனுக்குப் படங்கு வேண்டாம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் மறுநாளும் நான் கட்டினேன். அதற்கடுத்த நாளும் கட்டினேன். கிறிஸ்மஸ் வரைக்கும் கட்டினேன். அவனுக்காக இல்லை, எனக்காக. வாசலில் நுழையும்போது ஒரு பிள்ளை கையைத் தூக்குவது எப்படி இருக்கும் என்று பெற்ற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பத்து மாதமானபோது ஒருநாள் கஞ்சி தின்றுகொண்டிருந்தவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா என்றான். தெளிவாகச் சொன்னான். நீ போகும்போது கொடுத்த போட்டோ சுவரில்தான் இருந்தது. தினமும் அதைக் காட்டி அம்மா, அம்மா என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் போட்டோவைக் காட்டியிருக்க வேண்டும். நான் "என்னடா" என்று கேட்டுவிட்டேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. அவன் சிரித்தான். அதிலிருந்து நான்தான் அவனுக்கு அம்மா. இத்தனை நாளும் திருத்தவில்லை. நீ எனக்கு என்ன சாபம் கொடுத்தாலும் தகும்.

றொனால்டைப் பற்றிக் குறை சொல்வதாக நினைக்காதே. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என்னை அவர் ஒரு சொல் சொன்னதில்லை. இந்தப் பிள்ளை வீட்டில் படுக்கத் தொடங்கிய பிறகு ஸ்டோரிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறார், வழியில் எங்கேயும் நிற்பதில்லை. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அவனுக்கு ஒரு கட்டில் செய்திருக்கிறார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார், "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். பிள்ளை நல்லாத்தானே இருக்கான். அதையே எழுது."

அவர் சொன்னதில் பிழையில்லை. நீ கேட்டதும் அதுதானே. நானும் எழுதினேன். அன்புத் தங்கைக்கு, திலக்ஷன் மிகவும் நல்லா இருக்கிறான், நிறை கூடியிருக்கிறது, ஓடுகிறான், ஆறு பல் முளைத்திருக்கிறது, ஏக்கம் கொஞ்சமும் இல்லை, நீ நிம்மதியாகக் கையெழுத்துப் போடு என்று ஒரு பக்கம் எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதைக் கொடுத்திருந்தால் இன்னும் மூன்று வருஷம் அவன் என் வீட்டில் இருப்பான். அது எனக்குத் தெரிந்துதான் ஒட்டினேன்.

போன புதன்கிழமை சுலக்ஷனாவின் மகளுக்கு முதல் கஞ்சி. பத்து மணிக்கு அவள் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். ஆணி போட்டு நிறுத்திய மாதிரி எல்லாப் பிள்ளைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. உன் மகன் மட்டும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் வந்தார்கள், பால் கொடுத்தார்கள், போனார்கள். ஒரு தடவைகூட அவன் திரும்பவில்லை. அம்மாக்கண்ணு சந்தோஷமாகச் சொன்னாள், "பாருங்க, இவன் இப்பல்லாம் ஏங்குறதே இல்ல. நல்லாத் தேறிட்டான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏங்கினால் வருகிறேன், நல்லா இருந்தால் வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, நீ கேள்வியையே தலைகீழாகக் கேட்டிருக்கிறாய். அவன் ஏங்கிக்கொண்டிருந்தபோது உனக்கு அவனிடம் ஓர் இடம் இருந்தது. இரண்டு கையையும் தூக்கினானே, அது உனக்காகத் தூக்கியது. இப்போது அவன் நல்லா இருக்கிறான். தான் காத்திருக்க வேண்டிய ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாததால் நல்லா இருக்கிறான். இதுதான் நீ கேட்ட உண்மை. ஒட்டி வைத்த கடிதத்தை அன்று மத்தியானமே அடுப்பில் போட்டேன்.

மூன்று வருஷம் கழித்து நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பழனியாண்டியின் மகளை உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்து வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்த தாயை அவள் இன்றைக்கும் வாங்க, போங்க என்றுதான் பேசுகிறாள். மரியாதையான பிள்ளை என்று ஊர் மெச்சுகிறது. அந்தத் தாய் சாமான் வாங்க என்று மஸ்கெலியா டவுனுக்கு வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் வந்துவிடு. உன் வீட்டுக்காரருக்குக் கால் ஊன்றிவிட்டது, வேலையும் இருக்கிறது. கூரைக்குத் தகரம் மாற்றவில்லை என்று நீ கவலைப்படுவாய். ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துக்கொள்ளலாம். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் உன் பெயர் இன்னும் வெட்டப்படவில்லை, நானே கண்டாக்கு ஐயாவிடம் கேட்டுவிட்டேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீ வந்து தூக்கினால் அவன் கத்துவான். உன் முகத்தில் அடிப்பான். நீ கொடுப்பதைத் துப்புவான். ஒன்பது நாளோ பத்து நாளோ, அதற்கு மேலேயும் ஆகலாம். அவன் என்னைத் தேடி அழுவதைக் கேட்டு, இவன் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிடாதே. அப்படி நீ விட்டுக்கொடுத்தால் நான் வேண்டாம் என்று சொல்லுவேன் என்று நம்பிக்கொண்டிருக்காதே. என்னால் முடியாது. அதனால் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியிலிருந்து ஒரு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதுளையில் என் தம்பி வீட்டில் இருப்பேன். அம்மாக்கண்ணு பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வாள். இதை றொனால்டிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

நீ வரும் தேதியை உன் வீட்டுக்காரருக்குச் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம்.

இதை எழுதும்போது அவன் என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறான். பேனா ஓடும் சத்தத்துக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டான். ஞாயிறு வரைக்கும் இந்தக் கடிதத்தை வீட்டில் வைத்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் எழுந்ததும் அவனையும் தூக்கிக்கொண்டு போய் இன்றைக்கே ஷிராணி கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வரட்டும். சீக்கிரம் வா, ஜெயந்தினி. என் மனசு மாறுவதற்குள் வா.

இப்படிக்கு,
உன் அக்கா
டோரீன்